ஒரு கட்டு அம்பு செஞ்சேன், 24ல 9 போச்சு: எது ஏன் போச்சுன்னு ஒரு கணக்கு

முதல்ல உடைஞ்சதைப் பத்தியே சொல்லிடுறேன், செஞ்ச பெருமையை அப்புறம் பாத்துக்கலாம். பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கெழமை காலையில எங்க கிளப் மைதானத்துல நண்பர் ஒருத்தர் 110 பவுண்டு (முழுசா இழுத்துப் பிடிக்க வேண்டிய பலம்) யூ மரத்து வில்லுல என்னோட அம்பு ஒண்ணை மாட்டி காது வரைக்கும் இழுத்து விட்டார். டப்புன்னு ஒரு சத்தம். அம்பு பத்தடி தள்ளி புல்லுல கெடக்குது, பின்பக்கம் ரெண்டா வாயைப் பொளந்துட்டு நிக்குது. அம்பு போனது பெரிய விஷயமில்லை. பின்னாடி வாய் பிளந்தா நாண் அம்பைத் தள்ளாம வெறுமனே ஓடிடும், அம்புக்குப் போக வேண்டிய மொத்த விசையும் வில்லுக்குள்ளயே திரும்பி அடிக்கும், அதுல வில்லே முறிஞ்சு போறதும் உண்டு. மனுஷன் ஒரு வார்த்தை திட்டல, வில்லைக் கீழ வெச்சிட்டு அரை மணி நேரம் விரலால தடவித் தடவிப் பாத்துட்டே இருந்தார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், 24 அம்புக்கும் தனித்தனியா கணக்கு எழுதணும், எது எந்தக் கட்டையில இருந்து வந்துச்சு, என்ன பசை, எங்க உடைஞ்சுதுன்னு. அந்த நோட்டுதான் இந்தப் பதிவு.

எதைப் பாத்து செஞ்சேன்

நான் இருக்குறது இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம், போர்ட்ஸ்மவுத் அரை மணி நேரம். அங்கதான் மேரி ரோஸ் இருக்கு. எட்டாம் ஹென்றியோட போர்க்கப்பல், 1545 ஜூலை 19ம் தேதி பிரெஞ்சுக்காரங்களோட சண்டை நடந்துட்டு இருக்கும்போதே கரைக்குப் பக்கத்துல சாய்ஞ்சு முழுகிடுச்சு. 1982 அக்டோபர் 11ம் தேதி தூக்கினாங்க. சேத்துல புதைஞ்சு கெடந்ததால மரம் அழுகாம இருந்துச்சு, 172 நீள வில்லு, அதுல 137 முழுசா, அம்பு 3,500க்கு மேல. அதுக்கு முன்னாடி வரைக்கும் இடைக்கால இங்கிலீஷ் அம்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா காட்டுறதுக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குக்கூட மரத்தண்டு இல்லை, வெறும் இரும்பு முனைதான் மண்ணுல கெடைக்கும். இங்க நேர் எதிர், இரும்பு முனை கடல்ல கரைஞ்சு போச்சு, மரம் நின்னுடுச்சு. 1545ன்னா இடைக்காலம் முடிஞ்சு போச்சேன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. சரிதான், ஆனா அம்பு செய்யுற முறை நூறு வருஷத்துல பெருசா மாறல, அதனால எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அந்தக் கப்பல்தான் பாடப்புத்தகம்.

அந்த அம்புங்க பெரும்பாலும் 30 இன்ச் சுமாருக்கு இருக்கு. முனைப்பக்கம் அரை இன்ச் தடிமன், நிறைய தண்டு அங்கிருந்து நாண் பக்கம் போகப் போகச் சூம்பி வரும். பின்னாடி நாண் மாட்டுற பள்ளம், அதை இங்க நாக்னு சொல்லுவாங்க, அதுக்குக் குறுக்கா கொம்புல ஒரு மெல்லிய சீவல் சொருகியிருக்கும், ரெண்டு இன்ச் நீளம். இறகு போயிடுச்சு, ஆனா இறகைச் சுத்தின நூலோட தடம் தண்டுல சுருள் சுருளா இருக்கு, அந்த இடத்துல பச்சையா செம்போட மிச்சம் இருக்கு.

நான் எடுத்துக்கிட்டது 24. ஏன் 24னா அப்ப ஒரு கட்டுன்னா அதான். கப்பல்ல கிடைச்ச வட்டத் தோல் தட்டு ஒவ்வொண்ணுலயும் 24 ஓட்டை, அம்பை அதுல சொருகினா ஒண்ணோட ஒண்ணு இறகு உரசி நசுங்காது. அந்தத் தட்டையும் ஒண்ணு வெட்டி வெச்சேன், அம்பை விட அதுதான் சுலபமா வந்துச்சு.

மரம்

16 அம்பு ஆஷ் மரத்துல, 8 ஆஸ்பன்ல.

ஆஷ் எனக்கு ஓசியில வந்துச்சு, ஓசின்னாலே யோசிச்சிருக்கணும். இங்க ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய், 2012ல பிரிட்டன்ல உறுதி பண்ணாங்க, அதுல இருந்து ஊரு ஊரா பட்டுப் போகுது, ரோட்டோரத்து மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டு இருக்காங்க. அப்படி வெட்டின ஒரு மூணடித் துண்டு மரம் வெட்டுறவர் ஒருத்தர் கொடுத்தார். இதை ஆப்பு வெச்சுப் பிளந்து, பிளந்ததை மறுபடி பிளந்து, முக்கால் இன்ச் சதுரக் குச்சியா ஆக்கி, ஷெட்டுல நாலு மாசம் காயப்போட்டேன். ஆஸ்பன் மட்டும் மரக்கடையில ரம்பத்துல அறுத்த குச்சியா வாங்கினேன், சோம்பேறித்தனம்தான் வேற காரணம் இல்லை.

பிளக்குறதுக்கும் அறுக்குறதுக்கும் என்ன வித்தியாசம்னா, பிளந்தா மரம் தன்னோட நார் எப்படிப் போகுதோ அப்படியே விட்டுக் கொடுக்கும், குச்சியோட இந்த முனையில ஆரம்பிக்குற நார் அந்த முனை வரைக்கும் போகும். ரம்பத்துக்கு நார் தெரியாது, கோடு போட்ட இடத்துல போகும், அதனால நார் பாதியிலயே சாய்வா வெளிய ஓடிடும். கதவு ஜன்னலுக்கு இது பரவாயில்லை. அம்புக்கு இது ஆபத்து, அந்தச் சாய்வுலயே கத்தி மாதிரி பிளந்து வில்லைப் பிடிச்சிருக்க கையில ஏறும்.

எங்கப்பா தச்சு வேலை பாத்தவர், வீடியோ கால்ல உடைஞ்ச ஆஸ்பனைக் காட்டினதும் முதல் கேள்வியே அதான். "பிளந்தியா அறுத்தியாடா?"

"அறுத்ததுதாம்பா, கடையில வாங்கினது."

"அப்புறம் என்னத்துக்கு எங்கிட்ட கேக்குற, ரேகை எப்படி ஓடுதுன்னு பாரு, நீயே சொல்லு." அதோட பேச்சை மாத்தி பேத்தி சாப்பிட்டாளான்னு கேக்க ஆரம்பிச்சிட்டார்.

அந்தக் காலத்துல எந்த மரம்னு கேட்டா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மேரி ரோஸ் முழுகின அதே 1545லதான் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பத்தி டாக்ஸோஃபிலஸ்னு ஒரு புத்தகம் போட்டார், அதுல சண்டை அம்புக்கு ஆஷ்தான் நல்லது, கனமும் இருக்கு வேகமும் இருக்கு, ஆஸ்பனை விட்டுட்டு ஆஷ்ல செய்யுங்கன்னு எழுதுறார். ஆனா கப்பல்ல கிடைச்சதுல பெரும்பாலானது ஆஸ்பனோட குடும்பமான பாப்லர். எழுதுறவர் ஒண்ணு சொல்லுவார், சப்ளை பண்றவன் வேற ஒண்ணு அனுப்புவான், இது அன்னைக்கும் அப்படித்தான் போல. அதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே, 1416ல, மரச்செருப்பு செய்யுறவங்க ஆஸ்பன் கட்டையைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, அம்புக்கு வேணும்னு. அப்படின்னா அது ஏதோ கிடைக்காததுக்கு எடுத்த ரெண்டாம் தர மரம் இல்லை, அதைத்தான் கேட்டு வாங்கியிருக்காங்க.

ஏன்னு இழைக்கும்போது புரிஞ்சுது. முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஒரு பலகையில நீளமா வி மாதிரி பள்ளம் போட்டு அதுல சதுரக் குச்சியைக் கிடத்தி நாலு மூலையையும் இழைப்புளியால தட்டினா எட்டுப் பட்டை, மறுபடி மூலையைத் தட்டினா பதினாறு, அதுக்கப்புறம் உப்புத்தாளை உள்ளங்கையில வெச்சு உருட்டினா உருண்டை. ஆஷ்ல ஒரு தண்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, கத்தி ரெண்டு தடவை தீட்டணும். ஆஸ்பன் வெண்ணெய், நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுது. எடையும் பாத்தேன், தண்டு மட்டும் ஆஷ்ல 50 கிராமை ஒட்டி வருது, ஆஸ்பன்ல 32, 33. முனையும் இறகும் சேந்தா ஆஷ் அம்பு 75 கிராம் சுமார், ஆஸ்பன் 57.

வளைஞ்ச தண்டை நிமித்துறது தனிக் கூத்து. ஹாட் ஏர் கன்ல லேசா சூடு காட்டி எதிர்ப்பக்கம் வளைச்சுப் பிடிச்சு ஆறவிடணும், அடுத்த நாள் பாத்தா பாதி பழையபடி போயிருக்கும். ஏழு குச்சி இந்தக் கட்டத்துலயே அடுப்புக்குப் போச்சு, அதை 9ல சேக்கல.

கொம்புச் சீவல்

இங்கதான் நான் வேணும்னே ஒரு பரிசோதனை பண்ணேன். 16 அம்புக்கு மேரி ரோஸ் மாதிரியே கொம்பு வெச்சேன், 8 அம்புக்குக் கொம்பு இல்லாம நாக் வெட்டி கீழ பட்டு நூலை இறுக்கிச் சுத்தினதோட விட்டேன், அந்த எட்டுல நாலு ஆஷ் நாலு ஆஸ்பன். கடையில விக்குற நிறைய அம்பு இப்படித்தான் வருது, கொம்பெல்லாம் ஒரு அழகுக்குன்னு ஒருத்தர் எங்கிட்ட அடிச்சுச் சொன்னார், சரி பாத்துடுவோம்னு.

கொம்பு வேலை இப்படி: முதல்ல தண்டோட பின்முனையில நட்ட நடுவுல ரெண்டு இன்ச் ஆழத்துக்கு மெல்லிய ரம்பத்தால ஒரு கீறல். மாட்டுக் கொம்பை அறுத்து அரத்தால தேய்ச்சு ஒன்றரை மில்லி சீவலா, கீழ போகப் போக மெலிசா ஆக்கி, பசை போட்டுக் கீறல்ல இறக்கணும். காஞ்சதும் அதுக்குச் சரியாக் குறுக்கா நாணுக்கு 3 மில்லி அகலத்துல வாயை வெட்டணும். அப்ப நாண் வந்து உக்கார்ற இடம் மரம் இல்லை, கொம்போட விளிம்பு. நாண் ஒரு ஆப்பு மாதிரி வாயோட அடியில அடிக்குது, மரம் பிளக்கணும்னா ரெண்டு பாதியும் விலகணும், விலக விடாம குறுக்க நிக்குது அந்தச் சீவல். விறகு பிளக்கும்போது உள்ள குறுக்க ஒரு ஆணி இருந்தா கோடாலி என்ன பாடு படும்னு நெனச்சுக்கோங்க, அதே வேலைதான். கொம்பு அறுக்கும்போது வர்ற நாத்தம் மட்டும் நெனச்சுக்காதீங்க, முடி கருகின மாதிரி, வீட்டுல ரெண்டு நாள் ஷெட்டுல இருந்து வந்த சட்டையை வாஷிங் மெஷின்ல போட விடல.

கணக்கு: கொம்பு வெச்ச 16ல ஒண்ணுகூட நாக்ல உடையல. கொம்பில்லாத எட்டுல நாலு பிளந்துச்சு, மூணு ஆஸ்பன், ஒண்ணு ஆஷ். இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஒத்துக்குறேன். ஆஸ்பன் எட்டும் அறுத்த மரம், அதனால மூணு பிளந்தது கொம்பில்லாததாலயா, ரேகை சாய்வாலயா, மென்மையான மரம்ங்கறதாலயான்னு பிரிக்க முடியாது. ஆனா அதே அறுத்த ஆஸ்பன்ல கொம்பு வெச்ச நாலும் அதே 110 பவுண்டு வில்லுல தாங்கியிருக்கு, அதனால பெரிய பழியைக் கொம்பு இல்லாதது மேலதான் போடுவேன். என் சொந்த வில் 75 பவுண்டு, அதுல இந்த எட்டும் ஒரு மாசம் ஓடுச்சு, ஒரு கீறல் இல்லை. அழகுக்குத்தான்னு சொன்னவர் 45 பவுண்டு வில்லுக்காரர். மேரி ரோஸ் வில்லுங்களை 100ல இருந்து 185 பவுண்டு வரைக்கும் மதிப்பிடுறாங்க, அந்த இழுவைக்கு வெறும் நூல்சுத்து எப்படி நிக்கும்.

இன்னொண்ணும் பாத்தேன், பிளந்த நாலுல ரெண்டுல நான் நாண் வாயை மரத்தோட ஆண்டு வளையத்துக்கு இணையா வெட்டியிருக்கேன். குறுக்கா வெட்டணும், தெரியும், இருந்தும் பன்னெண்டாவது அம்புக்கு மேல பாக்காம வெட்டியிருக்கேன். இது முழுக்க என் கைத்தப்பு.

இறகு

கூஸ் வாத்தோட சிறகுல இருக்குற பெரிய இறகு, அம்புக்கு மூணு. ஒரு அம்புக்கு மூணும் இடது சிறகு இல்லைன்னா மூணும் வலது சிறகு, கலக்கக்கூடாது, வளைவு மாறும். நடுக்குச்சியை நீளவாக்குல பிளந்து, உள்ள இருக்குற பஞ்சைச் சுரண்டி, ஏழரை இன்ச் நீளத்துக்கு வெட்டி ஒட்டணும், அப்புறம் இறகோட சிலும்பலுக்கு நடுவுல நூலை விட்டுச் சுத்திக்கிட்டே போகணும். முதல் தடவை ஒரு அம்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முன்பக்கம் நடுக்குச்சி ஆரம்பிக்குற இடத்தை வழுவழுன்னு சீவி நூலால மூடணும், நான் ஒண்ணுல விட்டுட்டேன், அம்பு கையைத் தாண்டும்போது ஆள்காட்டி விரல் கணுவுல கோடு இழுத்துட்டுப் போச்சு, தழும்பு இன்னும் இருக்கு.

12 அம்புக்கு வெறும் வச்சிரம், தோலைக் காய்ச்சி எடுக்குற பழைய பசை. மீதி 12க்கு இறகையும் நூலையும் கட்டினதுக்கு அப்புறம் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் உருக்கி செம்புக் களிம்பு கலந்து மேல பூசினேன். நம்ம வீட்டுப் பித்தளைச் செம்புல பச்சையா ஏறுமே, புளி போட்டுத் தேய்ப்பாங்களே, அதே களிம்புதான். மேரி ரோஸ் அம்புல பச்சை மிச்சம் வந்தது இதுலதான். பூச்சி இறகை அரிக்காம இருக்கத்தான் களிம்பு சேத்தாங்கன்னு பெரும்பாலும் சொல்றாங்க. விஷம், கையுறை போடாம தொடாதீங்க, சமையல் பாத்திரத்துல உருக்கவே உருக்காதீங்க.

ஜனவரி முழுக்க இங்க மழை, ஷெட்டுல ஈரம். மாசக் கடைசியில பாத்தா வச்சிரம் மட்டும் போட்ட 12ல மூணு அம்புல இறகு நூலோட சேந்து தூக்கிட்டு நிக்குது, ஒண்ணுல முழுசா கழண்டு வந்துடுச்சு. பூச்சு போட்ட 12ல ஒண்ணும் நகரல. வச்சிரம் தண்ணிக்கு இளகும்னு தெரிஞ்ச விஷயம்தான், ஆனா நான் அந்தப் பச்சைப் பூச்சைப் பூச்சிமருந்தா மட்டும் நெனச்சிருந்தேன், அது மழைக்கோட்டும்தான்னு இப்பத்தான் உறைச்சுது. கடல்ல போற கப்பலுக்குக் கொடுத்த அம்பு வேற.

ரெண்டு முறிஞ்சது

மீதி ரெண்டு ஆஷ், முனைக்கு நாலு இன்ச் பின்னாடி முறிஞ்சுது. கல்லுல படல, சாதாரண வைக்கோல் இலக்குதான். பிளந்த மரம், ரேகை நேரா இருக்கு, அந்த இடத்துல அரை இன்ச் தடிமன், முறியவே கூடாது. முறிஞ்ச இடம் நார் நாரா கிழியாம பிஸ்கெட் உடைஞ்ச மாதிரி சமமா இருந்துச்சு. நோட்டைப் பாத்தா ரெண்டும் அந்த ஓசிக் கட்டையோட ஒரே பக்கம், பட்டைக்குக் கீழ கொஞ்சம் பழுப்பா இருந்த பகுதி. மரம் வெட்டினவர்கிட்ட காட்டினேன், அவர் ஆச்சரியமே படல. அந்த நோய் வந்த ஆஷ் மொறமொறன்னு ஆயிடும், அதனாலதான் நாங்க அதுல ஏறவே பயப்படுறோம்னு சொன்னார். கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டா, விறகுக்குன்னு நெனச்சேன்னு சொல்றார். அதுவும் நியாயம்தான்.

9,600

இதெல்லாம் எழுதி முடிச்சப்போ வேற ஒரு கணக்கு மனசுல ஓடுச்சு. 1546ல எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்த கப்பல் பட்டியல்ல (முழுகினதுக்கு அப்புறம் கொடுத்தது, இருந்தாலும் இந்தக் கப்பலும் அதுல இருக்கு) மேரி ரோஸுக்கு 250 வில், 400 கட்டு அம்புன்னு எழுதியிருக்கு. 400 பெருக்கல் 24, 9,600 அம்பு. நான் கடைசியா பழகினதுக்கு அப்புறமே ஒரு அம்புக்கு ரெண்டு மணி நேரம், முனையைத் தவிர, அது கொல்லர் செஞ்சு வாங்கினது. அந்த வேகத்துல ஒருத்தரே தினமும் 8 மணி நேரம் உக்காந்தா 2,400 நாள், லீவே இல்லாம ஆறரை வருஷம், ஒரு கப்பலுக்கு. இறகு 28,800. அஞ்சாம் ஹென்றி 1417ல ஒவ்வொரு கூஸ்லயும் ஆறு சிறகு இறகு பிடுங்கி அனுப்புங்கன்னு உத்தரவு போட்டார், அந்தக் கணக்குல பாத்தா 4,800 வாத்து.

அதனால மேரி ரோஸ் அம்பை ஏதோ கைவினைஞர் தவம் மாதிரி வருஷக்கணக்கா செதுக்கின பொருளா காட்டுறவங்களை எனக்கு இப்ப பிடிக்கல. அது ரேஷன் சாமான். எண்ணி, கட்டி, பீப்பாய் மாதிரி ஏத்தின சரக்கு. லண்டன்ல 1371லயே வில் செய்யுறவங்க வேற, அம்பு செய்யுறவங்க வேறன்னு தொழிலைப் பிரிச்சுக்கிட்டாங்க, முனை அடிக்குறது அதுலயும் வேற ஆள். 1406ல முனையை நல்லாக் காய்ச்சி நுனியை உருக்கு போட்டு இறுக்கணும், செஞ்சவன் தன் முத்திரையை அதுல குத்தணும்னு சட்டம் வந்துச்சு, ஏன்னா மட்டமான முனையை அரசாங்கத்துக்குத் தள்ளிவிட்டிருக்காங்க. சீக்கிரம் முடியுற மரம், மெருகு கம்மி, வடிவம் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறினா பரவாயில்லை, இதெல்லாம் விட்டுக் கொடுத்திருக்காங்க. ஆனா நேரம் தின்னுற அந்தக் கொம்புச் சீவலையும் நூல்சுத்து மேல பூச்சையும் விடல. எனக்குக் கொம்பு வேலை மட்டும் அம்புக்கு அரை மணி நேரம். 9,600 தடவை அரை மணி நேரத்தை எவனும் அழகுக்காகச் செலவு பண்ண மாட்டான், அதுவும் திரும்பி வராத அம்புக்கு.

நான் செஞ்சது நேர் தலைகீழ். தண்டை ரெண்டு நாள் எண்ணெய் போட்டு மினுக்கினேன், பட்டு நூலுக்குச் சிவப்பு தேடி மூணு கடை அலைஞ்சேன், கொம்பை எட்டுல விட்டேன், பூச்சை பன்னெண்டுல விட்டேன், மரத்தை ஓசியில வாங்கினேன்.

இப்ப தோல் தட்டுல 15 அம்பு நிக்குது, 9 ஓட்டை காலி. உடைஞ்சதுல இருந்து முனைங்களைச் சூடு காட்டிக் கழட்டி வெச்சாச்சு, இறகு கழண்ட மூணோட தண்டு நல்லாத்தான் இருக்கு, அதைச் சுரண்டிட்டு மறுபடி ஒட்டணும். மீதி ஆறுக்கு ஆஸ்பன் துண்டு ஒண்ணு காசு கொடுத்து வாங்கி, இந்தத் தடவை ஆப்பு வெச்சுப் பிளந்து, மாடியில கட்டிலுக்குக் கீழ அடுக்கியிருக்கேன், ஷெட்டுல இல்லை. அக்டோபர்ல காஞ்சிடும். 110 பவுண்டுக்காரர் இன்னொரு தடவை விட்டுப் பாக்க ஒத்துக்கிட்டார், நாண் மாட்டுற பள்ளத்தை முதல்ல தன் கண்ணால பாத்துட்டுத்தான் மாட்டுவேன்னு சொல்லியிருக்கார்.